மேட்டுத் தண்ணி

மழை தொடங்கினால் குடியிருப்புச் சனம் முழுக்கக் கொட்டிலுக்குள் ஓடும். அந்த நேரம் பார்த்து அவா வெளியில் வருவா. யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளி, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகி, கையில் ஒரு தடியோடு தண்ணீருக்குப் பின்னால் நடப்பா. தண்ணீர் திரும்பினால் அவாவும் திரும்புவா. அது தேங்கி நின்றால் அவாவும் நிற்பா. யாருடைய வேலியாவது குறுக்கே வந்தால் எட்டிப் பார்த்து, "உள்ள வரலாங்களா? தண்ணி வந்துருச்சு, நானும் வரணும்" என்று கேட்பா.

முதல் தரம் அதைக் கண்டபோது, "உவளுக்கு என்ன, விசரே?" என்று ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாரிடம் கேட்டேன். இப்போது "அவா" என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் "உவள்" என்றுதான் வந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சனத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கதைப்பார்கள். நானும் அதில் ஒருவன்.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சி டவுனை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நான் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேஜர். கூரைத் தகரங்களைக் கழற்றி, தராசையும் படிக்கற்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, ஸ்கந்தபுரத்துக்கும் அப்பால் காட்டோரமாக இருந்த ஒரு குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். எழுபதுகளில் மலையகத்தில் அடிபட்டு வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய இடம் அது. முதலில் நாற்பது வீடுகள்தானாம். நாங்கள் போன பிறகு, கிழமைக்குக் கிழமை புதுக் கொட்டில்கள் முளைத்தன. காடு பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த இடத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஊர்ச் சங்கம் கூடி எடுத்த முடிவு. விதானையார் அதை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். காடு வெட்டுகிறவன், வெட்டின நிலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு கிடங்கு வெட்டி மழைத்தண்ணியை அதில் மறிக்க வேண்டும். மேட்டுத் தண்ணிக்கு மேட்டுக்காரன்தான் பொறுப்பு, பள்ளத்தில் இருக்கிறவனுடைய வளவுக்குள் அதைத் தள்ளக்கூடாது. தண்ணி ஓடுகிற பொதுக் கானை மூடக்கூடாது, கான் கரையில் புல் செதுக்கவும் கூடாது. அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும் சரியா என்று வந்து பார்ப்பது அவா. அவா பார்த்து, காணித் துண்டு என்கிற அனுமதிக் கடதாசியின் கீழ் மூலையில் பெருவிரலை அழுத்தினால்தான் விதானையார் மேலே கையெழுத்து வைப்பார். அவாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

அளப்பதற்கு அவாவிடம் இருந்த ஒரே சாமான் சேலைன் குழாய். ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தியிடம் கேட்டு வாங்கிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வெறும் தேத்தண்ணியை அதற்குள் ஊற்றி வைத்திருந்தா. வீட்டுக்காரன் ஒரு முனையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மறு முனையோடு அவா நடந்து போவா. இரண்டு முனையிலும் தேத்தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை வைத்து எந்தப் பக்கம் நிலம் எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவா. என் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த நிலமெல்லாம் அவாவுக்கு ஏற்றமும் இறக்கமுமாகத் தெரிந்தது.

நான் வருவதற்கு முன் நடந்த கதை ஒன்று. பிள்ளையார் கோயில் முற்றத்தைத் திருவிழாவுக்காக மண் போட்டு உயர்த்தினார்கள். அவா போய்ப் பார்த்துவிட்டு, முற்றத்துத் தண்ணி பின்பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகும், கிடங்கு வெட்டுங்கள் என்றிருக்கிறா. கோயில் தலைவருக்குக் கோபம். "சாமிக்கே சட்டம் சொல்ல வந்திட்டியோ?" என்று கத்தினாராம். "சாமிக்கு இல்லீங்க. சாமி வீட்டு முத்தத்துக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாவாம். கிடங்கு வெட்டினார்கள். அடுத்த வருஷம் அதில் தாமரை போட்டு, தீர்த்தக்கேணி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று அவ்வளவு சிரிப்பான கதை இல்லை. அவாவின் தங்கச்சி மகன், புதுசாய்க் கலியாணம் கட்டியவன், பொதுக் கானின் மேல் பலகை போட்டு அதன் மேல் குசினியைக் கட்டிவிட்டான். அவா பிரித்துவிடச் சொன்னா. அவன் கேட்கவில்லை. வந்த மருமகள் அடுப்பில் உலை வைத்திருந்தபோதே அவா போய், உலைப்பானையை இறக்கித் திண்ணையோரம் பத்திரமாக வைத்துவிட்டு, கூரையைப் பிரிக்கத் தொடங்கினா. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் அதைக் கேட்டபோது, இரக்கமில்லாத மனுசி என்று நினைத்தேன்.

பிறகு என் முறை வந்தது.

கடைக்கு ஒதுக்கியது ரோட்டோரத்து மேட்டு நிலம். உழவு மிசின் பிடித்து, பற்றை எல்லாம் வழித்து, லொறி திரும்புவதற்குப் பெரிய முற்றம் எடுத்திருந்தேன். அவா வந்தா. நிலத்தைப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்த தகரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"எத்தனை தகரங்க?"

"நூற்றியிருவது. ஏன், உனக்கும் ரெண்டு வேணுமோ?"

அவா சிரிக்கவில்லை. "மண்ணுன்னா கொஞ்சம் குடிக்கும். தகரம் குடிக்காதுங்க. விழுற மழை அத்தனையும் கீழ துப்பும். கீழ அறுவது கொட்டில் இருக்கு."

முற்றத்துக்குள் நடந்து, தடியால் நிலத்தில் ஒரு கோடு கிழித்தா. பிறகு இன்னொன்று. நான்கு கோடும் சேர்ந்தபோது என் முற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் போய்விட்டது.

"இவ்வளவும் கிடங்கோ? அப்ப லொறி எங்க திரும்புறது?"

"லொறிக்குப் பின்னுக்கு வரத் தெரியுங்க. தண்ணிக்குத் தெரியாது."

நான் விதானையாரிடம் போனேன். அவர் கொப்பியைத் திறந்து காட்டினார். "நான் ஒண்டும் செய்யேலாது மனேஜர். உந்தக் கொப்பி வந்த பிறகு மாரியில எனக்கு முறைப்பாடு எண்டு ஒருத்தரும் வந்ததில்லை. அவா சொல்லுறபடி செய்யுங்கோ."

எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பெருவிரல் அடையாளம் போடுகிற ஒருத்தி எனக்குச் சட்டம் சொல்லுவதா? இரண்டு நாள் சைக்கிள் ஓடி, தெரிந்த ஒருவரைப் பிடித்து, பெரிய இடம் ஒன்றில் கடிதம் எடுத்தேன். சனத்துக்குச் சாமான் கொடுக்கிற கடை என்பதால் உடனே கட்டலாம் என்று அதில் இருந்தது. சீலும் குத்தியிருந்தது. அதைக் கொண்டுவந்து, நாலு பேர் பார்க்க, அவாவுக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன்.

முழுக்கக் கேட்டா. "கடதாசி படிக்க எனக்கும் தெரியாது, தண்ணிக்கும் தெரியாதுங்க" என்றா. அதில் கோபம் இல்லை, பகிடியும் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பாதை சொல்வது போல இருந்தது.

கூரை ஏறியது. அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்கும்போது, என் கீழ் எல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவா தனியாகக் கான் வெட்டிக்கொண்டிருந்தா. அடுத்த நாள் கீழ்க் கொட்டில்களிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு ஏழு பேர். என் கூரைத் தண்ணியைக் கொட்டில்களுக்கு வெளியால் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று விளங்கியது. நான் மேலே நின்று பார்த்தேன். இறங்கவில்லை.

கான் பாதி முடியுமுன் மழை வந்துவிட்டது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பின்னேரம் கொஞ்சம் ஓய்ந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். பார்க்கப் போனதற்குக் காரணம் என்னவென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் நடந்திருக்காது என்று காட்டிக்கொள்ளத்தான் போயிருப்பேன்.

முதல் கொட்டிலில் பிள்ளை பெற்று ஐந்தாம் நாளான ஒரு பெண். தடிகளால் கட்டிய படுக்கையில், காலைத் தூக்கி மடித்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். படுக்கைக்குக் கீழால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தாய் ஒரு அலுமினியத் தட்டால் அதை வெளியே வாரி ஊற்றினார். வாரிய அளவுக்கு உள்ளே வந்தது. தண்ணீரின் மேல் மஞ்சளாய் ஏதோ மிதந்தது. குனிந்து பார்த்தேன். தவிடு.

மழை தொடங்குவதற்கு முதல் நாள் எங்கள் முற்றத்தில் லொறியிலிருந்து இறக்கும்போது ஒரு தவிட்டுப் பை உடைந்து கொட்டியது. நான்தான் அதைக் கூட்டி அள்ள வேண்டாம், மழை கழுவிவிடும் என்று சொன்னேன்.

அந்தப் பெண் என்னைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "மனேஜர் ஐயா, சங்கத்துக்குப் பால்மா வந்திட்டுதே?"

தவிடு எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் குறை சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. "வரும் பிள்ளை, வந்தவுடன நானே கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குடையை மடக்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

அவா கொட்டிலுக்குப் பின்னால் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தா. பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா," என்றேன். "கிடங்கு எந்த இடத்தில எண்டு சொன்னனீங்கள்?"

அவா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று சொல்லி, சேலைன் குழாயின் ஒரு முனையை என் கையில் தந்தா.

அன்றைக்கு அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்டேன், இந்த வேலையை ஏன் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று. மறு முனையில் குந்தியிருந்தபடியே சொன்னா.

"தோட்டத்துல கான் வெட்டுறது எங்கப்பா வேலைங்க. அவரு கூடவே போய் நானும் பழகிட்டேன். இங்க வந்த புதுசுல மேட்டுல காடு வெட்டினோம். கான் வெட்டணும்னு எனக்குத் தெரியும். வெட்டல. அவசரம், கச்சான் கடலை போடணும், பசி. அந்த வருஷ மழையில எங்க மண்ணு பூராவும் கீழ ஒரு பெரியவரு வயலுக்குள்ள போயிருச்சு. வயலு மூடிருச்சுங்க. ரெண்டு போகம் அவரு வெதைக்கல."

"சண்டைக்கு வந்தாரோ?"

"வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். ஒரு நாளு காலையில கடகத்துல மண்ண அள்ளிக்கிட்டு வந்து, எங்க வாசல்ல கொட்டிட்டு, 'பிள்ளை, இது உங்கட மண், வைச்சுக்கொள்ளுங்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த நாளும் வந்தாரு. அதுக்கடுத்த நாளும். எனக்குச் சோறு எறங்கல. ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் நானே கடகத்த எடுத்துக்கிட்டு அவரு வயலுக்குப் போனேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பக்கம் ரெண்டு விரல் ஒசத்துங்க" என்றா.

அந்தக் கிழமையே கிடங்கு வெட்டினோம். பனைமரத்தைப் பிளந்து தகர ஓரத்துக்குப் பீலி வைத்தோம். சீமெந்து அந்தக் காலத்தில் வன்னிக்குள் வராது. ரோட்டைக் கடக்கிற இடத்தில் தார் வந்த இரும்புப் பீப்பாய்ப் பரல்களின் இரண்டு பக்கமும் வெட்டி, ஒன்றோடொன்று கோத்துப் புதைத்து மதகு செய்தா. மதகுக்கு அப்பால் கான் போக வேண்டிய வழிக்கு முளை அடித்துக்கொண்டு போனோம். கடைசியில் காட்டு ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு முளை, ஐந்து முளை. ஆறாவது முளையை அவா தன்னுடைய வளவுக்குள் அடித்தா. ஏழாவது, அவாவின் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில்.

"அக்கா, இது உங்கட வீடெல்லோ. அங்காலப் பக்கமா வளைச்சு விடலாமே?"

"வளைச்சா கரைய அரிச்சிரும். அந்தப் பக்கம் ரெண்டு வீட்டுல பொம்பளப் புள்ளைங்க தனியா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே எட்டாவது முளைக்கு நடந்தா. அவா அங்கே இரண்டு ஆடுகளோடு தனியாக இருந்தா. மண்சுவர் வைத்த வீடு. சுவரை அவாவே குழைத்து வைத்ததாம்.

கார்த்திகையில் பெரிய மழை வந்தது. நாலாம் நாள் காலை, காட்டுக்குள் இருந்த சின்னக் குளம் ஒன்று கரைக்கு மேலால் பாய்ந்து, அந்தத் தண்ணியும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று விறகுக்குப் போனவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. ஷெல்லுக்கு ஓடி ஓடிப் பழகிய சனம். பத்து நிமிஷத்தில் பாயும் பானையும் தலையில் ஏறிவிடும். அவா கிடங்குக் கரையில் நின்று, "ஒருத்தரும் போக வேண்டாங்க. இந்தக் குச்சிக்கு மேல தண்ணி வந்தா கான்ல எறங்கிரும். கொட்டிலுக்குள்ள வராது" என்றா.

கிடங்குக்குள் அவா ஊன்றியிருந்த குச்சியை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை எங்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறியது. குச்சியின் தலை தெரிந்தது, பிறகு நுனி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அடுத்த நொடி கானின் வாயில் ஒரு சத்தம். தண்ணீர் திரும்பியது. அவ்வளவு தண்ணீரும், சிவப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, அவா வெட்டிய வழியில் இறங்கியது. பரல் மதகுக்குள் புகுந்தபோது நிலம் அதிர்ந்தது. அறுபது கொட்டில்களுக்குப் பக்கத்தால் அது போனது. ஒன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. சனம் தலையில் மூட்டையோடு, தேர் பார்க்க நிற்பது மாதிரி இரண்டு பக்கமும் நின்றது. குழந்தையோடு வாசலில் நின்ற அந்தப் பெண், தன் காலடியில் இருந்த காய்ந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு அவாவைப் பார்த்தாள். மனிதர் சொல்லித் தண்ணீர் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவா அதற்குள் தண்ணீருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தா. நாங்களும் பின்னால் போனோம்.

குளத்துத் தண்ணி கணக்கில் இல்லாத தண்ணி. அவாவின் வளவில் கானுக்கு அவ்வளவையும் கொள்ள இடமில்லை. கரைக்கு மேலால் வழிந்து, வீட்டுச் சுவரின் அடியை நனைத்தது. மண்சுவர் அடியிலிருந்து மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. விதானையார், "ஐயோ, ஆராவது சாமானை எடுங்கோ!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே ஒரு சாமானும் இல்லை. ஆடுகளையும் தகரப் பெட்டியையும் அவா இரண்டு நாளைக்கு முன்பே தங்கச்சி மகன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறா. விதானையார் வெளியே வந்த கையோடு சுவர் அப்படியே உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. களைத்த மாடு படுப்பது போல. கூரை ஒரு பக்கம் சரிந்து அதன் மேல் விழுந்தது.

அவா அதை ஒரு தரம் பார்த்தா. பிறகு முகத்தைத் திருப்பி, கான் ஓடைக்குத் திரும்புகிற மூலைக்குப் போய், குனிந்து, கரையைக் கையால் தடவிப் பார்த்தா. எழும்பி என்னிடம் சொன்னா:

"கரை நிக்குதுங்க."

அந்தத் தங்கச்சி மகனின் மனைவிதான் முதலில் அசைந்தாள். போய், அவாவின் கையில் இருந்த தடியை வாங்கிக்கொண்டு, "வாங்க பெரியம்மா, உலை வச்சிருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாயிரத்தில் நான் வவுனியாவுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவாவைக் காணவில்லை. எங்கே இருக்கிறா, இருக்கிறாவா என்று சொல்லக்கூடியவர்களையும் நான் சந்திக்கவில்லை. ஆனால் அவாவை நினைத்தால் எனக்கு அந்த வீடு விழுந்த நாள் முதலில் வருவதில்லை. அதற்குப் பிறகு, தை மாதத்தில் ஒரு நாள்தான் வரும்.

ஊர் சேர்ந்து அவாவுக்கு மேட்டில் ஒரு துண்டுக் காணி கொடுத்து, புது வீடு கட்டிக் கொடுத்தது. விதானையார் காணித் துண்டை எழுதிக்கொண்டுவந்து, விரலை வையுங்கோ என்றார். அவா கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டா.

"என் வளவ நானே பார்த்து, சரின்னு நானே சொல்லலாங்களா? வேற ஆளு பாக்கணும். மனேஜர் ஐயாவுக்குக் குழாய் புடிக்கத் தெரியும்."

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் போனேன். விதானையாரும் வந்தார். வாசல் பக்கம் சரி. கிடங்கு சரி. வீட்டின் பின்பக்கம் போய் நின்றேன். குசினிக் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு ஓடி, வேலிக்கு அடியால் அடுத்த வளவுக்குள், அவர்களுடைய கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு விரல் அகலம். இந்த ஊருக்காகத் தன் வீட்டைக் கொடுத்த மனுசி. நான் தலையாட்டினால் கேட்க ஒருத்தரும் இல்லை. முன்னுக்கு வந்தபோது விதானையார் பேனையை நீட்டினார்.

"இல்லை," என்றேன். "அக்கா, பின்பக்கத்துத் தண்ணி அடுத்த வளவுக் கிணத்தடிக்குப் போகுது. நான் சரி எண்டு சொல்லேலாது."

விதானையார் நிலத்தைப் பார்த்தார். அவா பின்பக்கம் போனா. குந்தியிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தா. திரும்பி வந்தபோது அவாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. வெற்றிலைக் காவி ஏறிய அத்தனை பல்லும் தெரிந்தது. அதற்கு முன் அவா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆமாங்க, போகுது!" என்றா. "நல்லாப் பாத்தீங்க."

சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தா. "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். இருந்து பாத்துட்டுப் போங்க."

நான் இருந்தேன்.